புரட்டக் கூடாத பிராணிகள்

“அம்மா, கொட்டகைக்குள்ள என்னமோ புகுந்திருக்கு.”

தவமணி அம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

“என்ன புகுந்திருக்கு?”

“தெரியல. ஆனா உயிரை எடுக்குது. இன்னைக்கு ஏழாவது.”

சொன்னவர் செங்குட்டுவன். குருவான தவமணி அம்மாளைவிடப் பதினோரு வயது மூத்த சீடர்.

மருந்து ஆய்வுக்கூடம் ஒன்றின் வாசலில் நாற்பது நாள் போராட்டம் உட்கார்ந்து, பதினெட்டுக் கினிப்பன்றிகளை மீட்டவர். இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கும், வாலில்லாத பிராணிகள். குன்றின் மேலிருந்த இந்த மடத்துக்கு அவற்றைத் தானே சுமந்துவந்தார்.

மீட்ட அன்று பத்திரிகையில் படம் வந்தது. முழங்கிய வாய்கள் எல்லாம் படத்தில் தெரிந்தன. கினிப்பன்றி ஒன்றுகூடத் தெரியவில்லை. மறுநாள் முழங்கியவர்கள் வீட்டுக்குப் போனார்கள். ஜெயித்தவர்கள் அப்படித்தான் போவார்கள்.

அவர் மட்டும் போகவில்லை.

“எப்படிச் சாகுது?”

“எல்லாம் சுவரைப் பாத்து உக்காந்துக்குது. கூப்பிட்டா திரும்புறதில்ல. அப்புறம் ஒரு சத்தம். சுவருக்குள்ள யாரோ உமியை மெல்லுற மாதிரி. அந்தச் சத்தம் நின்னா ஒண்ணு போயிடுது.”

“நீங்க என்ன செஞ்சீங்க?”

“சாம்பிராணி போட்டேன். காலையிலயும் சாயந்தரமும்.”

“பேய்க்கா?”

“நான் பேயை நம்புறவன் இல்லம்மா. முப்பது வருஷம் அதை எதிர்த்து நோட்டீஸ் போட்டவன்.”

“நோட்டீஸ் போட்டவர் சாம்பிராணியும் போட்டிருக்கீங்க.”

“நாத்தத்துக்குத்தான்” என்றார். குரல் இறங்கியிருந்தது.

தவமணி அம்மாள் கீரையை வைத்துவிட்டு எழுந்தார்.

நடுப்பகல். ஆனாலும் கொட்டகைக்குள் புகை மங்கலாக நின்றது. தரையெங்கும் புது வைக்கோல், பொன்னிறமாக. பதினோரு பிராணிகள் பதினோரு முதுகுகளைக் காட்டி உட்கார்ந்திருந்தன.

உமி மெல்லும் சத்தம் கேட்டது.

“தினமும் புது வைக்கோல் பரப்புறேன்” என்றார் செங்குட்டுவன். “சுத்தத்துக்குக் குறைவே இல்ல.”

“பழசு?”

“அதுமேலதான் பரப்புறேன். கலைச்சா பயந்துடும்.”

“படுங்க.”

“என்னது?”

“அதுங்க மூக்கு எங்க இருக்கோ, அங்க உங்க மூக்கை வைங்க.”

படுத்தார். பொன்னிறம் ஒரு விரல் கனம்தான் இருந்தது. அதன் அடியிலிருந்து கன்னத்தில் ஈரம் ஏறியது. கண் எரிந்தது. தொண்டை அடைத்தது. சாம்பிராணி மேலேயே நின்றுவிட்டது. கீழே வேறு காற்று.

உமி மெல்லும் சத்தம் இப்போது காதருகே கேட்டது. சுவரிலிருந்து அல்ல. பக்கத்துப் பிராணியின் மூக்கிலிருந்து.

இருமிக்கொண்டே எழுந்தார். அதற்குள் தவமணி அம்மாள் அதை எடுத்திருந்தார். ஒரு கை மார்புக்குக் கீழே, ஒரு கை பின்புறத்துக்கு.

“புரட்டாதீங்க!”

ஆய்வுக்கூட வாசலில் முழங்கிய அதே குரல். பிராணிகள் ஒன்றும் அதிரவில்லை.

“ஏன்?”

“அங்க இப்படித்தான் மல்லாத்திப் பிடிச்சு ஊசி போட்டாங்க. இங்க ஒருத்தரும் இதுங்களைப் புரட்டக் கூடாதுன்னு சபதம் எடுத்திருக்கேன். நாலு மாசமா ஒரு விரல் படல.”

தவமணி அம்மாள் புரட்டினார்.

அடிவயிற்றில் முடி இல்லை. வெந்நீர் பட்டதுபோல் சிவந்து, ஈரமாக இருந்தது. பாதங்கள் வீங்கி, பொருக்குத் தட்டியிருந்தன.

“மூத்திரத்துலயே உக்காந்து வெந்திருக்கு.”

செங்குட்டுவன் குனிந்து பார்த்தார்.

“ஐயா, அங்க தினமும் புரட்டிப் பாத்தாங்களா?”

“அவங்க கொலைகாரங்கம்மா.”

“பாத்தாங்களா?”

“பாத்தாங்க” என்றார்.

தவமணி அம்மாள் வாசல் பக்கம் திரும்பிச் சமையல்கார மரகதத்தைக் கூப்பிட்டார்.

“வெதுவெதுன்னு உப்புத் தண்ணி, காஞ்ச துணி, முள்ளெடுக்கிற இடுக்கி. கால்நடை டாக்டரை உடனே வரச் சொல்லி ஆளனுப்பு. இந்த வைக்கோலை அடித்தரை வரைக்கும் வாரிக் கொட்டணும்.”

பிறகு சீடரிடம்: “அடுத்ததை நீங்க எடுங்க.”

மூலையில் இருந்தது அசையவில்லை. ஆனால் அதன் பின்புறத்து முடி அசைந்தது. காற்று இல்லை. முடி மட்டும், தானாக, மெல்ல அலைந்தது.

நீட்டிய கையைச் செங்குட்டுவன் இழுத்துக்கொண்டார்.

மீண்டும் நீட்டினார். எடுத்தார். சபதம் எடுத்த கைகளால் புரட்டினார்.

உலை அரிசி கொதிப்பதுபோல் புழுக்கள். வெள்ளை வெள்ளையாக, சதைக்குள்ளிருந்து. அவர் உள்ளங்கையில், விலா எலும்புகளுக்குப் பின்னால், ஒரு இதயம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

“அம்மா, இது பிழைக்குமா?”

மரகதம் கொண்டுவந்த இடுக்கியைத் தவமணி அம்மாள் நீட்டினார்.

“கேட்ட நேரத்துக்கு மூணு புழு எடுத்திருக்கலாம்.”