பூத் தூவாமல் மதகு திறக்காது

கருங்காட்டில் ஓர் அணை இருந்தது. மதகைத் திறந்தால் தண்ணீர் பாய்ந்து போய்ப் பெரிய பெரிய சக்கரங்களைச் சுற்றும். மின்சாரம் வரும். விலங்கு நாட்டின் விளக்குகளில் பாதிக்கு மேல் அந்தத் தண்ணீரை நம்பித்தான் எரிந்தன.

ஒரு நாள் காலை, சக்கரங்களில் சிக்கிய பாசியை எடுப்பதற்காக மதகை மூடினார்கள். வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. ஆனால் மதகைத் திறக்கவில்லை!

"ஏன் இன்னும் திறக்கலை?" என்று அலறிக்கொண்டு வந்தது குயில். பாவம், அதற்கு அடைகாக்கத் தெரியாது. இந்த வருஷம் காகமும் கையை விரித்துவிட்டது. வேறு வழியில்லாமல் முட்டைகளைப் பல்பு எரியும் பெட்டியில் வைத்திருந்தது. இப்போது பல்பு அணைந்து, முட்டைகள் ஆறிக்கொண்டிருந்தன.

"ராஜா வந்து பூத் தூவணும். அப்புறம்தான் மதகு! அதுதானே முறை?" என்றது அணையின் அதிகாரியான கரடி. பக்கத்தில் யானை, ராஜாவுக்குப் போட வேண்டிய மாலையோடு நின்றபடியே தூங்கி வழிந்தது.

"ராஜா எங்கே?"

"குகை லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டார்."

"ஐயோ! எப்படி?"

"கரண்ட் இல்லையே!"

குயிலுக்குத் தலை சுற்றியது. அதற்குள் குகைக்குப் போயிருந்த மைனா திரும்பி வந்தது. "நான் இல்லாமல் திறந்தால் தோலை உரித்துவிடுவேன், கரண்ட் வந்ததும் வருகிறேன் என்று ராஜா சொல்லச் சொன்னார்!"

"பார்த்தாயா, எவ்வளவு பொறுப்பு!" என்று கரடி கண்ணைத் துடைத்துக்கொண்டது. இப்படி ஓர் அதிகாரி இருந்தால் நாடு உருப்படுமா, நீங்களே சொல்லுங்கள்!

குயில் அதற்கு மேல் பொறுக்கவில்லை. யானையின் காதுக்குள் தலையை விட்டு, தொண்டை கிழியக் கூவியது. யானை துள்ளி எழும்பி, மதகின் கைப்பிடியில் போய் மோதியது. குபுகுபுவென்று தண்ணீர் பாய்ந்தது. நாடெங்கும் விளக்கு எரிந்தது. பெட்டிக்குள் பல்பும் எரிந்தது.

கொஞ்ச நேரத்தில் சிங்கம் பூக்கூடையோடு ஓடி வந்தது. "யார் திறந்தது? மூடு! நான் முறைப்படி திறக்கிறேன்!"

"இதோ மூடுகிறேன் ராஜா!" என்று கரடி பாய்ந்தது.

குயில் கைப்பிடியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. "என் குஞ்சுகள் வெளியே வருகிறவரைக்கும் யாராவது இதைத் தொட்டால் கண்ணைக் கொத்திவிடுவேன்! ராஜாவாக இருந்தாலும் சரி!"

சிங்கம் சட்டென்று கண்களை இறுக மூடிக்கொண்டது. ஆனாலும் வந்ததற்குப் பூத் தூவியாக வேண்டுமே! தடவித் தடவி, கூடையிலிருந்த அத்தனை பூவையும் கரடியின் தலையில் கொட்டிவிட்டுப் போனது.

சாயங்காலம் முட்டைகள் ஒவ்வொன்றாகப் பொரிந்தன. குயில் சந்தோஷத்தில் அழுதேவிட்டது.

வேலையைவிட விழாதான் பெரிது என்று நினைத்தால், அணை நிறையத் தண்ணீர் இருந்தாலும் நாடு இருட்டில்தான் கிடக்கும்.