ராஜாவைக் கேட்காமல் பூத்த வேங்கை

முன்னொரு காலத்தில், மலையடிவாரத்து மஞ்சிநாட்டைத் தென்னவராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் யாராவது புகழ ஆரம்பித்தால் போதும், உச்சி குளிர்ந்துவிடும்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். பங்குனிப் பௌர்ணமியன்று ராஜா நந்தவனத்து வாசலில் நின்று செங்கோலை உயர்த்தி, "மலர்க!" என்பார். உள்ளே வேங்கையும் சண்பகமும் பூத்துக் கிடக்கும். ராஜா சொல்லித்தான் பூத்தன என்று சபையே ஆரவாரம் செய்யும். அவர் அந்தச் சொல்லைச் சொல்லும்வரை ஊரில் குளிர்காலம்தான். சபைக்கு வருகிறவர்கள் எல்லோரும் கம்பளிச் சால்வை போர்த்தியே வரவேண்டும்.

அந்த வருஷம் மாசியிலேயே வெயில் மண்டையைப் பிளந்தது. நந்தவனம் யாரையும் கேட்கவில்லை. வேங்கை பொன்னாய்க் கொட்டியது. சண்பகம் தெருக்கோடிவரை மணத்தது.

சபையில் சேதி சொன்னவர் வீரகண்டர், அரண்மனை விழாக்களுக்கு அதிகாரி. நந்தவனத்தைப் பார்த்துக்கொள்ளும் பொன்னுருவியை ராணி ஒருமுறை எல்லோர் முன்பும் பாராட்டியதிலிருந்து அவருக்கு வயிற்றெரிச்சல்.

"பிரபு, தங்கள் ஆணை இல்லாமலே பூக்கள் மலர்ந்துவிட்டன! அந்தப் பொன்னுருவி வேண்டுமென்றே பூக்க வைத்திருக்கிறாள். இது ராஜதுரோகம்!"

ராஜாவுக்கு முகம் சிவந்தது. "பொழுது சாய்வதற்குள் அவள் குடும்பத்தோடு எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும்!"

மந்திரி சாத்தப்பருக்குத் திக்கென்றது. இடுப்பில் ஒரு குழந்தை, கையைப் பிடித்தபடி ஒரு குழந்தை என்று பொன்னுருவி சபை ஓரத்தில் நின்றிருந்தாள். எல்லைக்கு அப்பால் வெறும் காடு. நேராக எடுத்துச் சொன்னால் ராஜா முறுக்கிக்கொள்வார். யோசித்தபடி தாடியைத் தடவினார், கையெல்லாம் வியர்வை. இந்தப் புழுக்கத்தை ராஜா எப்படித் தாங்குகிறார் என்று நிமிர்ந்து பார்த்தார். ராஜாவின் சால்வை சிம்மாசனத்துக் கைப்பிடியில் கிடந்தது.

"மன்னா, ஒரு சந்தேகம். தாங்கள் சொல்வதற்கு முன்பே வசந்தம் வந்துவிட்டதுபோல் நடந்துகொள்ளும் எல்லோருக்கும் இதே தண்டனைதானா?"

"எல்லோருக்கும்தான்!" என்று கர்ஜித்த ராஜா, மந்திரியின் பார்வை போன இடத்தைக் கவனித்தார். அவசர அவசரமாகச் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டார். சாமரம் வீசியவன் சிரிப்பை அடக்க இருமினான்.

வீரகண்டர் விடவில்லை. "விசுவாசம் இருந்தால் வெயில் என்ன செய்யும்? நானாக இருந்தால் பங்குனிவரைக்கும் இப்படியே நிற்பேன்!"

"அவ்வளவு நாள் எதற்கு?" என்றார் சாத்தப்பர். "இன்று பொழுது சாயும்வரை அந்த வேங்கைப் பக்கத்தில், வெயிலில், சால்வையோடு நில்லும். பூக்களுக்கு விசுவாசத்தைக் கற்றுக்கொடும். நின்றுவிட்டால் பொன்னுருவி எல்லையைத் தாண்டிப் போகட்டும்; முடியாவிட்டால் இங்கேயே இருக்கட்டும். என்ன சொல்கிறீர்கள் மன்னா?"

ராஜாவுக்கே புழுக்கம் தாங்கவில்லை. "நடக்கட்டும்!" என்று எல்லோருக்கும் முன்னால் நந்தவனத்து நிழலுக்கு எழுந்து போனார்.

வீரகண்டர் நின்றார். நெற்றியில் இருந்த வியர்வை மூக்கு நுனிக்கு வந்தது.

"எப்படி இருக்கிறது?" என்றார் மந்திரி.

"இதமாக இருக்கிறது!"

"முகம் ஏன் சிவந்திருக்கிறது?"

"அது ராஜபக்தி!"

உச்சிவேளை வந்தது. கம்பளி முள்ளாய்க் குத்தியது. திடீரென்று ஓர் அலறல். சால்வை ஒரு பக்கம் பறக்க, வீரகண்டர் ஓடிப்போய் அல்லிக்குளத்தில் தொபுக்கென்று விழுந்தார்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அரைநாள் வெயிலுக்கே சால்வையை உதறிவிட்டீர். மாசி முழுக்கக் காய்ந்த மரம் நாலு பூ பூத்தால் ராஜதுரோகமா?"

சிரிப்பு அடங்கியதும் அவர் குரல் இறங்கியது. "சாத்தப்பரே, அப்படியானால் இத்தனை வருஷமும் இவை என் சொல்லுக்காகப் பூக்கவில்லையா?"

மந்திரிக்கு ராஜாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"பூக்கள் தங்கள் சொல்லுக்குக் காத்திருப்பதில்லை மன்னா. அதோ, பொன்னுருவி காத்திருக்கிறாள்."

ராஜா சால்வையைக் கழற்றிப் புல்லில் போட்டார். "நீ எங்கேயும் போகவேண்டாம் அம்மா. இனி முதல் பூ பூத்ததும் எனக்குச் சொல். அன்றைக்குத்தான் விழா." கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். சபையார் அத்தனை பேரும் "அப்பாடா!" என்று சால்வைகளை உதறினார்கள்.

குளத்திலிருந்து ஒரு தும்மல் கேட்டது. "பிரபு, குளிர்கிறது. அந்தச் சால்வையைக் கொஞ்சம் தரச்சொல்லுங்கள்!"

"முடியாது வீரகண்டரே," என்றார் ராஜா. "வசந்தம் வந்துவிட்டது. இது என் ஆணை!"