கோயில் பத்தாயம்

மழைய நம்பிப் பொழைக்கிற ஊரு ஒண்ணு இருந்துச்சாம், அந்த ஊர்ல சடையன்னு ஒரு பூசாரி இருந்தானாம். உம் கொட்டுங்க, இல்லேன்னா நான் படுத்துருவேன்.

அந்த ஊரு அம்மன் கோயில்ல பெரிய நெல்லுப் பத்தாயம். அறுப்பு முடிஞ்சா விளைச்சல் கண்டவங்க எல்லாரும் ஆளுக்கொரு மரக்கா நெல்லு அளந்து கொண்டாந்து கொட்டுவாங்க. புருசனப் பறிகொடுத்தவ, கால் ஒடிஞ்சவன், புள்ளையில்லாத கிழவன், யாரு வேணா அள்ளிக்கலாம், ஏன்னு ஒரு கேள்வி கிடையாது. அதனால நாளைக்குச் சோத்துக்கு என்னங்கிற பயம் யாருக்கும் இல்ல. பயம் இல்லாததால கோயில்ல கூட்டமும் இல்ல! வீராயின்னு ஒருத்தி மட்டும் சாயங்காலமானா வந்து விளக்கேத்தி, அம்மன்கிட்ட ஏதோ பேசிட்டுப் போவா.

சடையனுக்கு வயித்தெரிச்சல். நேரா ராஜாகிட்டப் போனான். "மகாராஜா, வயிறு நெறைஞ்ச சனம் சாமிய மறந்துருச்சுங்க. பத்தாயத்த அரமனைக்குத் தூக்கிட்டு வந்துருங்க, பக்தி தன்னால வரும்"னான். ராஜாவுக்குச் சும்மா வர்ற நெல்லு கசக்குமா? தூக்கிட்டாரு.

அப்புறம் பாக்கணுமே! மாடு படுத்தா கோயிலு, மழை தள்ளிப்போனா கோயிலு, புள்ளைக்குக் காய்ச்சல்னா கோயிலு. அழுதுகிட்டு வந்தவங்களுக்கெல்லாம் சடையன் துன்னூற அள்ளிக் குடுத்து, "ஆத்தா பாத்துக்குவா, போ"ன்னான். கூட்டத்தப் பாத்து அவனுக்கு ஒரே பூரிப்பு. அந்தப் பூரிப்புல மணியடிக்கப் படியேறினவன் சறுக்கி விழுந்து இடுப்ப ஒடிச்சுக்கிட்டான்.

மறுநாளே ராஜா வேற பூசாரிய வெச்சுட்டாரு. சடையன் பசியோட குடிசையில கெடந்தான். ஒருத்தன் வந்தான், துன்னூறு பூசினான். இன்னொருத்தி வந்தா, மந்திரிச்ச கயிறு கட்டினா. மூணாவது ஆளா வீராயி வந்தா.

"தாயி, ஒரு வாய் கஞ்சி..."

"எங்க வீட்டுலயே அடுப்பு எரியலியே சாமி. நீங்க சொல்றதுதானே, ஆத்தா பாத்துக்குவா"ன்னா. பாவம், அவ குத்திக்காட்டல, நெசமாவே சொன்னா.

தன் சொல்லே தன்கிட்டத் திரும்பி வந்ததும்தான் சடையனுக்கு உறைச்சுது. கட்டில்ல தூக்கிட்டுப் போகச் சொல்லி, அரமனை வாசல்ல படுத்தபடியே ஓன்னு கத்தினான். "மகாராஜா, அம்மன் கனவுல வந்தா! என் பத்தாயத்த எடுத்தவன் வம்சம் விளங்காதுன்னா!"

பயம் வந்தா பக்தி வரும்ங்கிறது ராஜாவுக்கு மட்டும் பொய்யாவா போகும்? பொழுது சாயறதுக்குள்ள பத்தாயம் கோயிலுக்கு வந்துருச்சு, வழியவழிய நெல்லோட.

ஊரு சாப்பிட்டுச்சு. கோயில் பழையபடி காலி. சடையன் குச்சிய ஊனிக்கிட்டு வந்து பாத்தா, வீராயி மட்டும் விளக்கேத்திட்டு இருக்கா.

"ஏம்மா, இப்ப உனக்கு ஒரு கொறையும் இல்லையே, எதுக்கு வர்றே?"

"கொறை இருந்தப்ப அதையே சொல்லி அழுதுட்டுப் போயிட்டேன் சாமி. இப்பத்தானே, நீ நல்லா இருக்கியா தாயின்னு ஆத்தாளக் கேக்க முடியுது."

சடையனுக்குத் தலை தொங்கிப் போச்சு. பத்தாயமும் நெறைஞ்சுச்சு, கதையும் நெறைஞ்சுச்சு, பயப்படாமத் தூங்குங்க.