விளக்கு வைப்பதற்குள் உப்பு

மடத்தின் குரு ஒரு பெண். ஞானாம்பிகை அம்மை என்று பெயர். நாற்பதைத் தாண்டி இரண்டு மூன்று வயதுதான் இருக்கும். சீடருக்கோ எழுபது நெருங்கிக்கொண்டிருந்தது.

சீடர் பெயர் பொன்னம்பலம். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு மடத்துக்கு வந்து, பூஜை அறைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் தங்கிவிட்டார். குரல் என்றால் அப்படியொரு குரல். ஆனால் அறைக்குள் போய்விட்டால் இருமல் வந்தாலும் துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொள்வார், அம்மையின் தியானம் கலைந்துவிடக் கூடாதே என்று. தெருவில் யாராவது "பெரியவரே" என்று கூப்பிட்டால், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அக்கம்பக்கம் தேடுவார்.

கொள்ளைநோய் இரண்டாம் முறையாக ஊருக்குள் வந்திருந்த கோடை அது. மடம் இருந்த படித்துறைத் தெருவில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர். பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும் மாட்டிக்கொண்டிருந்தார்கள். கதவுகளுக்குப் பின்னால் இருந்தவர்கள் எல்லாம் வயதானவர்கள்.

அம்மை அலையாய் அலைந்து ஒரு தடுப்பூசி முகாமுக்கு ஏற்பாடு செய்துவிட்டார்.

"நாளைக் காலையில நம்ம கூடத்துல ஊசி போடறாங்க ஐயா. நர்ஸம்மா ஒரு நாள்தான் வருவாங்க. ஆள் இல்லைன்னா பெட்டியை மூடிக்கிட்டு அடுத்த ஊருக்குப் போயிடுவாங்க. தெருவுக்குச் சேதி சொல்லணும்."

பொன்னம்பலத்துக்குத் தலைகால் புரியவில்லை. எத்தனை நாளாயிற்று இந்தக் குரலுக்கு வேலை வந்து!

"என்கிட்ட விட்டுடுங்க தாயே! தெருவையே கொண்டாந்து கூடத்துல உக்கார வெக்கிறேன்."

ஓடிப்போய் உத்திராபதியின் மைக் ஆட்டோவைப் பிடித்தார். நண்பகல் வெயிலில் தெருமுனையில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"பெரியோர்களே! தாய்மார்களே! தள்ளித் தள்ளி நில்லுங்கள்! முகக்கவசம் போடுங்கள்! நாளைக் காலை மடத்துக்கு வந்து ஊசி போட்டுக்கொள்ளுங்கள்!"

முதல் வீட்டு ஜன்னல் படாரென்று மூடியது. அடுத்த வீட்டுக் கதவுக்கு உள்ளே தாழ் விழுந்தது. அதற்கடுத்த வீட்டில் யாரோ டிவியின் சத்தத்தைக் கூட்டினார்கள். பொன்னம்பலம் விடவில்லை, திரும்பத் திரும்பத் தெருவைச் சுற்றி வந்தார். கடைசியில் ஒரு நாய் மட்டும் எழுந்து நின்று அவரைப் பார்த்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டது.

தொண்டை கட்டிப்போய் மடத்துக்கு வந்தார். அம்மை அடுப்படியில் ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கலை தாயே! நல்லதுக்குத்தானே சொல்றோம்? இவங்களுக்கு எப்படித்தான் சொல்றது?"

"எதுல போனீங்க?"

"உத்திராபதி ஆட்டோவில."

"போன வாரம் அந்த ஆட்டோ இங்க எதுக்கு வந்துச்சு?"

"போஸ்ட்மாஸ்டர் தவறிப்போனதுக்கு."

"அதுக்கு முந்தி?"

பொன்னம்பலம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். இந்தக் கோடை முழுக்க அந்த ஆட்டோ தெருவுக்குள் நுழைந்ததெல்லாம் ஒரே காரியத்துக்குத்தான். இன்னார் காலமானார், இத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று சொல்ல.

"அது வந்தா நீங்க என்ன செய்வீங்க ஐயா?"

"ஜன்னலைச் சாத்திக்குவேன் தாயே."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகுதான் அவருக்கு வெயில் இறங்குவது கண்ணில் பட்டது.

"ஐயையோ, பொழுது சாயுதே! விடிஞ்சா நர்ஸம்மா வந்து நிப்பாங்களே! இப்ப என்ன செய்யறது?"

"உள்ள உப்பு மூட்டை இருக்கும் பாருங்க."

"உப்பா?"

"அன்னதானத்துக்கு வாங்கின கல் உப்பு. கைவண்டியில ஏத்துங்க. விளக்கு வைக்கிறதுக்குள்ள தெருவை முடிச்சாகணும். அதுக்கப்புறம் யாரும் உப்பு வாங்க மாட்டாங்க."

பொன்னம்பலத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் ஏற்றினார். அம்மை காவிப் புடவையின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, முகக்கவசத்தைச் சரிசெய்து, வண்டியின் பிடியைத் தானே பிடித்தார். மடத்துத் தலைவி உப்பு வண்டி தள்ளுவதா! பொன்னம்பலம் பதறிப்போய்ப் பிடியை வாங்கிக்கொண்டார்.

"கூவுங்க ஐயா."

"மைக் இல்லாமயா?"

"இல்லாமத்தான்."

கட்டிய தொண்டையோடு ஒரு கூவல் போட்டார்.

"உப்பேய்! கல் உப்பேய்!"

ஒரு தாழ்ப்பாள் விலகியது.

"உப்பேய்!"

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அதற்குப் பக்கத்து வீடு. அதற்கும் பக்கத்து வீடு. ஊறுகாய் போடுகிற மாசம் அது. ஊரடங்கு வந்ததிலிருந்து உப்புக்காரர் அந்தப் பக்கமே தலை காட்டவில்லை. எல்லார் வீட்டிலும் மாங்காய் இருந்தது, கல் உப்புத்தான் இல்லை. டின்னும் தூக்குவாளியும் மண்சட்டியுமாக வெளியே வந்துவிட்டார்கள். பொன்னம்பலத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. செத்த தெரு என்று நினைத்தாரே, இத்தனை பேரா இருந்தார்கள்!

கூட்டம் கூடிவிடுமே என்று அடுத்த கவலை வந்தது. தள்ளி நிற்கச் சொல்ல வாயெடுத்தார். அதற்கு அவசியமே வரவில்லை.

உப்பைக் கைக்குக் கை வாங்கினால் சண்டை வரும் என்பது அந்தத் தெருவில் தவழுகிற குழந்தைக்கும் தெரியும். ஆகவே ஒவ்வொருவரும் பாத்திரத்தைத் தரையில் வைத்துவிட்டு நாலடி பின்னால் போய் நின்றார்கள். முகத்தை முந்தானையாலும் துண்டாலும் மூடியிருந்தார்கள். மத்தியானம் அவர் தொண்டை கிழியக் கத்தியதெல்லாம் தானாக நடந்துகொண்டிருந்தது.

"தாயே, இப்பச் சொல்லிடவா?" என்று கிசுகிசுத்தார்.

"அளங்க ஐயா."

அளந்தார். டின் வைத்திருந்தவர் கோமளவல்லி. தையல் தைத்துப் பிள்ளைகளை வளர்த்து அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கிறவர்.

"ஏம்மா, என்ன விலை?" என்றார் அவர்.

"ஊறுகாய் போட்டு மடத்துக்கு ஒரு கிண்ணம் குடுத்துடுங்க," என்றார் அம்மை.

"அது சரி. மத்தியானம் ஆட்டோ வந்துச்சே. போனது யாரு?"

"யாரும் போகலை. அதுல கத்தினது நம்ம கண்டக்டர் ஐயாதான்."

"இவரா! பாவி மனுஷா! நான் காதைப் பொத்திக்கிட்டு, யாரா இருக்கும் யாரா இருக்கும்னு ஒவ்வொருத்தருக்கா அழுது தீர்த்தேன். உமக்கும் சேர்த்துத்தான் அழுதேன்!"

யாரோ சிரித்தார்கள். பிறகு தெருவே சிரித்தது. பொன்னம்பலத்துக்கு வெட்கமாக இருந்தாலும் அந்தச் சிரிப்பைக் கேட்கச் சந்தோஷமாகவும் இருந்தது.

"ஆமா, எதுக்குக் கத்தினீர்?" என்றார் கோமளவல்லி.

அம்மை பதில் சொன்னார். "நாளைக்குக் காலையில மடத்துல தடுப்பூசி போடறாங்க. அதைச் சொல்லத்தான்."

அவ்வளவுதான் சொன்னார். உடனே கேள்விகள் நாலாபக்கமும் கிளம்பின.

"சக்கரை மாத்திரை சாப்பிடறவங்க போட்டுக்கலாமா?"

"போட்டுக்கலாம். மாத்திரையை நிறுத்த வேணாம். என்ன சாப்பிடறீங்கன்னு நர்ஸம்மாகிட்டச் சொல்லிடுங்க."

"போட்டா ஆளே போயிடுவாங்கன்னு எம் மருமகப்புள்ளை போன்ல அனுப்பியிருக்காரே?"

"கை வலிக்கும். சிலருக்குக் காய்ச்சல் அடிக்கும், ரெண்டொரு நாள்ல விட்டுடும். ஊசி போட்டதும் கொஞ்ச நேரம் கூடத்துலேயே உக்கார வெச்சுப் பாத்துட்டுத்தான் அனுப்புவாங்க."

வருகிறோம் என்று ஒருவர் சொன்னார். அதைப் பார்த்து இன்னொருவர் சொன்னார். கோமளவல்லி மட்டும் டின்னை எடுக்காமல் நின்றார்.

"காய்ச்சல் வருமா?"

"வரலாம்," என்றார் அம்மை.

"எனக்கு ஊசின்னா பயமில்லைம்மா. எத்தனை ஊசி கையில ஏறியிருக்கு! தனியாக் கெடக்கிற வீட்டுல காய்ச்சல் வந்தா ஒரு வாய்த் தண்ணி யாரு குடுப்பா? அதை நெனைச்சாத்தான் பயமா இருக்கு."

போட்டுக்கொள்கிறேன் என்று சொன்னவர்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பொன்னம்பலத்தின் கையில் உப்பு அளக்கிற படி அந்தரத்தில் நின்றது. ஆஸ்பத்திரியில் வரிசை நீளம், முட்டி வலிக்கிறது, முதலில் முடியாதவர்கள் போட்டுக்கொள்ளட்டும் என்று இத்தனை நாளாக அவரும் சாக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். அடியில் கிடந்தது இந்தப் பயம்தான். இந்த அம்மாள் அதை எடுத்து நடுத்தெருவில் வைத்துவிட்டார்.

அம்மை அடுத்த வீட்டு ரெஜினாளைப் பார்த்தார். சத்துணவுக் கூடத்தில் சமைத்து ஓய்வு பெற்றவர், அவரும் தனியாள்தான்.

"உங்க வீட்டுக்கும் இவங்க வீட்டுக்கும் நடுவுல என்ன இருக்கு?"

"ஒத்தைச் சுவருதான். ஆனா நாங்க பேசிக்கறதில்லை."

"ஏன்?"

"கையில உப்புக் குடுத்துட்டா!" என்று இருவரும் ஒரே மூச்சில் சொல்லி ஒருவரையொருவர் காட்டினார்கள்.

அம்மை சிரிக்கவில்லை. "பேச வேணாம். முடியலைன்னா சுவத்தைத் தட்டுங்க. கேட்டவங்க திருப்பித் தட்டிட்டு, மடத்துக்கு ஒரு போன் போடுங்க. கஞ்சியோட நாங்க வந்து நிப்போம்."

ரெஜினாள் யோசித்தார். "அது கேக்குமான்னு முதல்ல பாக்கணுமே?"

சொன்னதுதான் தாமதம், உள்ளே ஓடினார். கோமளவல்லியும் டின்னைப் போட்டுவிட்டுத் தன் வீட்டுக்குள் ஓடினார். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

டொக், டொக்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பொன்னம்பலம் கோமளவல்லியின் வாசல்வரை போய்க் காதை நீட்டினார்.

டொக், டொக், டொக்!

"கேக்குது!" என்று கோமளவல்லி உள்ளிருந்தே கத்தினார். "நல்லாக் கேக்குதுடீ ரெஜினா!"

அதற்குப் பிறகு யார் உப்பைப் பார்த்தார்கள்? ஆளாளுக்கு வீட்டுக்குள் ஓடினார்கள். இந்தப் பக்கச் சுவர், அந்தப் பக்கச் சுவர், எதிர்வரிசை என்று கைத்தடியாலும் கரண்டியாலும் தட்டித் தள்ளிவிட்டார்கள். தெரு முழுக்கக் கல்யாண வீடு மாதிரி ஒரே சத்தம். பொன்னம்பலம் வண்டியை விட்டுவிட்டு நடுத்தெருவில் நின்று, "கேக்குதா? கேக்குதா?" என்று ஒவ்வொரு வாசலாகக் கூவினார். கேக்குது, கேக்குது என்று ஒவ்வொரு வாசலிலிருந்தும் பதில் வந்தது. அவர் கண்ணில் நீர் நின்றது.

தெருவிளக்கு எரிந்தது. வண்டியில் ஒரு கல் உப்பு மிச்சமில்லை.

மறுநாள் காலை நர்ஸம்மா பெட்டியைத் திறக்கும்போதே கூடம் நிறைந்திருந்தது. பொன்னம்பலத்தைக் கையில் பிடிக்க முடியவில்லை. வாசலில் நின்றுகொண்டு, "உள்ள போங்க, உள்ள போங்க! படியில நிக்காதீங்க! ஒரு சீட்டு விட்டு ஒரு சீட்டு!" என்று பழைய பஸ்ஸையே ஓட்டிக்கொண்டிருந்தார். கோமளவல்லியும் ரெஜினாளும் சேர்ந்து வந்தார்கள். நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு உட்கார்ந்தார்கள். இன்னும் முகம் பார்த்துப் பேசவில்லை. ஆனால் கோமளவல்லி அடிக்கடி நடுநாற்காலியின் முதுகை விரலால் தட்ட, ரெஜினாள் வேறெங்கோ பார்த்தபடி திருப்பித் தட்டினார்.

மதியத்துக்குள் எல்லாருக்கும் ஆகிவிட்டது.

"இன்னும் ஒருத்தருக்கு மருந்து இருக்கு," என்றார் நர்ஸம்மா. "வேற யாராவது உண்டா? சீக்கிரம், பெட்டியை மூடணும்."

பொன்னம்பலம் வாசலுக்கு ஓடித் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். "யாரும் இல்லைம்மா! தெரு மொத்தமும் ஆச்சு!"

கோமளவல்லி ஊசி போட்ட கையைப் பிடித்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"கண்டக்டர் ஐயா, நீங்க டிக்கெட் எடுத்தாச்சா?"

"கண்டக்டருக்கு ஏதும்மா டிக்கெட்?"

கூடம் சிரித்தது. அவரும் சிரித்தார். நர்ஸம்மா சிரிக்காமல் அவருடைய நரைத்த தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கூடத்துச் சிரிப்பும் மெல்ல அடங்கியது. எல்லார் பார்வையும் தன்மேல் இருப்பது பொன்னம்பலத்துக்குத் தெரிந்தது.

தூணருகே உட்கார்ந்திருந்த அம்மையிடம் போய்க் குனிந்தார். அந்தக் குரல் அவ்வளவு சின்னதாக வந்து யாரும் கேட்டதில்லை.

"தாயே, எல்லாருக்கும் பக்கத்து வீடு இருக்கு. பின்பக்கம் நான் ஒருத்தன்தானே. எனக்குக் காய்ச்சல் வந்தா எந்தச் சுவத்தைத் தட்டுவேன்?"

அம்மை அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க அறைக்கும் பூஜை அறைக்கும் ஒரே சுவர்தானே ஐயா. நீங்க வந்த நாள்லேருந்து நான் அந்தப் பக்கம்தான் உக்காந்திருக்கேன். ஒரு தடவைகூடத் தட்டலையே நீங்க."