சுருளிவேலின் புரத டப்பா

மந்தைக்குளத்தில் மூளைக்குத்தான் பஞ்சம், மீசைக்கு இல்லை. அதிலும் கயிறிழுக்கும் அணித் தலைவன் சுருளிவேலின் மீசை, அவன் தெரு திரும்புமுன்பே திரும்பிவிடும். அந்த மீசைக்குத்தான் ஆபத்து. ஒன்பது பொங்கலாகக் கோயில்புதூர்க்காரர்களிடம் தோற்ற கடுப்பில், "பத்தாவது தடவையும் தோத்தா மீசையை எடுத்துடறேன்!" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டான்.

சொன்ன கையோடு, பலம் கூட வழி கேட்டு டாக்டரம்மாவிடம் ஓடினான்.

"பாதாம் சாப்பிடுங்க. நூத்துக்கு இருபத்தொண்ணு புரதம், பாதி கொழுப்பு. புரதம் தசைக்கு நல்லது."

சுருளிவேல் எண்ணி நூறு பாதாம் வாங்கிவந்து ஊர் மந்தைத் திடலில் துண்டை விரித்துக் கொட்டினான். அணியின் மற்ற ஐந்து பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"இதுல இருபத்தொண்ணுதான்டா புரதம். எது எதுன்னு பிரிக்கணும்."

"எல்லாம் ஒரே ஜாடையா இருக்கேண்ணே," என்றான் பவுன்ராசு.

"கொழுப்புன்னா தண்ணியில மிதக்கும்ல?" என்றான் வீரணன். எட்டாம் வகுப்பை மூன்று வருஷம் ஆழமாகப் படித்தவன்.

அண்டாவில் போட்டார்கள். நூறும் மூழ்கின.

"அப்ப நூறுமே புரதமா?"

"டாக்டரம்மா பொய் சொல்லுமாடா?"

சுருளிவேல் யோசித்தான். அவனுக்கு அது வலிக்கும். பிறகு ஒரு பாதாமை வாயில் போட்டு, மந்தையில் பலம் பார்க்கக் கிடந்த இளவட்டக்கல்லைக் கட்டிப்பிடித்தான். கல் முழங்கால்வரை வந்தது!

"கிடைச்சிடுச்சுடா! இதுதான் புரதம்!"

"எங்கண்ணே? காட்டு."

"முழுங்கிட்டேன்."

பவுன்ராசு கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அப்புறம் விழுங்காமல் செய்தார்கள். பாதாமைக் கன்னத்தில் அடக்கிக் கல்லைத் தூக்க வேண்டும். தூக்கினால் புரதம், துப்பி, காயவைத்து, டப்பாவுக்கு. தூக்காவிட்டால் கொழுப்பு, வீரணன் வீட்டு ஆட்டுக்கு. மூன்று நாளில் மீதி இருபதும் டப்பா சேர்ந்தன. அணி இளைத்தது, ஆடு பளபளத்தது.

போட்டியன்று காலையில்தான் அடுத்த சிக்கல். ஆறு பேருக்கு இருபது பாதாம் சமமாய்ப் பிரியவில்லை.

"மிச்சம் ரெண்டும் தலைவனுக்கு," என்றான் சுருளிவேல்.

"ஏற்கெனவே ஒண்ணு முழுங்கினது மறந்துபோச்சாக்கும்!" என்றான் பவுன்ராசு.

கடைசியில் வீரணன்தான் தீர்த்து வைத்தான். "பலம் டப்பாவுலதானே இருக்கு? கயித்து நுனியில கட்டிவிடு, அது இழுக்கட்டும். நாம எதுக்குக் குறுக்கே?"

கட்டினார்கள். விசில் ஒலித்தது. டப்பாவுக்கு இடைஞ்சலாகிவிடக் கூடாதென்று ஆறு பேரும் கயிற்றை லேசாகத் தொட்டுக்கொண்டு நின்றார்கள். கோயில்புதூர்க்காரர்கள் ஒரே இழு. கயிறு கையை விட்டு வழுக்கிப்போய், டப்பா பறந்து கோட்டுக்கு அந்தப்பக்கம் விழுந்தது.

"மீசை! மீசை!" என்று கூட்டம் கத்தியது. சுருளிவேல் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

"பதறாதண்ணே," என்றான் பவுன்ராசு. "நம்மள்ல யாராச்சும் கோட்டைத் தாண்டினோமா?"

"இல்லையே."

"தாண்டினது யாரு?"

சுருளிவேல் மெல்லக் கையை எடுத்தான். "டப்பா!"

"தோத்ததும் அதுதான்."

"ஆனா அதுக்கு மீசை கிடையாதேடா!"

பவுன்ராசு ஏற்கெனவே கரித்துண்டு தேடிக்கொண்டிருந்தான்.

பத்தாவது நிமிஷம் சலூன் நாற்காலியில், கழுத்தில் வெள்ளைத் துணியோடு, முறுக்கு மீசையோடு டப்பா உட்கார்ந்திருந்தது. சலூன்காரரும் மந்தைக்குளம்தான். கத்தியைத் தீட்டிவிட்டு, டப்பாவிடம் குனிந்து பணிவாகக் கேட்டார்:

"கிருதாவையும் எடுத்துடவாண்ணே?"