கடைசியாகத் தொட்டவர்

"நான் தண்ணீர் குடிக்கத்தான் வந்தேன், மூங்கிலைத் தொடவே இல்லை!"

காட்டுப்பன்றி இதை அன்று காலையில் மட்டும் ஏழு முறை சொல்லிவிட்டது. ஓர் எழுத்து மாறாமல் குரங்கும் அதையே சொன்னது. "நான் தண்ணீர் குடிக்கத்தான் வந்தேன், மூங்கிலைத் தொடவே இல்லை!" நரியும் அதேதான்.

"அப்படியென்றால் யார்தான் தொட்டது?" என்று கத்தியது மயில். கரட்டுக் காட்டுக்கு மயில்தான் தலைவர். தோகை இருந்தால் தலைமை தானாக வந்துவிடும் போலிருக்கிறது.

கல்தொட்டி காய்ந்து கிடந்தது. அதற்கு மேலே நீண்டிருந்த மூங்கில் குழாயிலிருந்து நான்கு நாளாக ஒரு சொட்டுகூட விழவில்லை.

அது பக்கத்துக் காட்டு யானைகள் இரண்டு வருடத்துக்கு முன்னால் போட்டுக் கொடுத்த குழாய். மலை ஊற்றிலிருந்து மூங்கிலோடு மூங்கில் சேர்த்து, காட்டின் நடுவுக்கே தண்ணீரைக் கொண்டுவந்துவிட்டன. கண்ட இடத்தில் அசிங்கம் செய்யாமல் ஒதுங்குவதற்குத் தூரமாக ஒரு குழியும் தோண்டிக் கொடுத்தன. கெட்டுப்போனால் மாற்றுவதற்கென்று எட்டு மூங்கில்களையும் வைத்துவிட்டுப் போயின. அந்த எட்டையும் மயில் என்ன செய்தது தெரியுமா? திறப்பு விழாவுக்கு அலங்கார வளைவு கட்டியது! வளைவு இன்றைக்கும் கம்பீரமாக நிற்கிறது. குழாய்தான் நிற்கவில்லை.

கிளம்பும்போது பெரிய யானை ஒரே ஒரு கேள்வி கேட்டது.

"இதை யார் பார்த்துக்கொள்வது?"

"எல்லாரும்!" என்று விலங்குகள் காடே அதிரக் கூவின.

யானைக்குச் சந்தோஷம். போய்விட்டது. எல்லாரும் என்றால் யார் என்று அன்றைக்கே ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?

இப்போது காட்டுப்பன்றி கேட்டது. "எல்லாரும் பார்த்துக்கொள்வதாகத்தானே பேச்சு? எல்லாரும் எங்கே?"

"நீதான் எல்லாரும்" என்றது நரி.

"நான் எப்படி எல்லாரும் ஆவேன்? நான் ஒருத்தன்தானே!"

"அப்போ குரங்கு."

"நானும் ஒருத்தன்தான்!" என்றது குரங்கு.

எண்ணிப் பார்த்தன. எல்லாமே ஒருத்தர் ஒருத்தராகத்தான் இருந்தன. எல்லாரும் என்று ஒருவர்கூட அகப்படவில்லை.

முள்ளம்பன்றிக்குப் பொறுமை போய்விட்டது. அது விடியும் முன்பே மலையேறிப் பார்த்துவிட்டு வந்திருந்தது. "ஐந்தாவது மூங்கிலைக் கரையான் தின்றுவிட்டது. ஒரு மூங்கிலை மாற்றினால் தீர்ந்தது. அரை நாள் வேலை."

"இலவசமாக வந்த தண்ணீருக்கு எதற்கு வேலை?" என்று குரங்கு குழம்பியது.

"கரையானுக்கும் மூங்கில் இலவசம்தான்! வருடத்துக்கு இரண்டு மூங்கிலாவது மாற்ற வேண்டும். தொட்டியைப் பாசி பிடிக்காமல் தேய்க்க வேண்டும். குழி நிரம்பினால் மூடிவிட்டு வேறு தோண்ட வேண்டும். அது நிரம்பி மூன்று மாதமாகிறது. எல்லாரும் ஆற்றுப் பாதையில்தானே ஒதுங்குகிறீர்கள்? மூக்கு இல்லையா உங்களுக்கு?"

"இந்த வேலையெல்லாம் எப்போது முடியும் அக்கா?"

"நாம் தண்ணீர் குடிக்கிறவரைக்கும் முடியாது."

"முடியவே முடியாதா!" குரங்கு தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

"நேற்றுச் சாப்பிட்டாயே, இன்றைக்கு ஏன் பசிக்கிறது? போ!"

"அப்படியானால் நீயே மாற்றிவிடு அக்கா" என்றது நரி.

முள்ளம்பன்றி இரண்டடி பின்வாங்கியது. காரணம் இருந்தது. அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பொருள் கெட்டுப்போனால், அதைக் கடைசியாகத் தொட்டவர்தான் கெடுத்தவர். விசாரணையே கிடையாது. போன வருடம் குழாயில் ஓர் இணைப்பு கழன்றபோது முள்ளம்பன்றிதான் கொடியால் கட்டியது. பத்து நாள் கழித்துச் சருகு அடைத்துத் தண்ணீர் நின்றது. "கடைசியாகத் தொட்டது நீதான்!" என்று ஒரு மாதம் அதைத் தொட்டிப் பக்கமே விடவில்லை. பிறகு ஒரு மழை வந்து சருகை அடித்துக்கொண்டு போனது. அந்த மழைக்கு மயில் நன்றி வாங்கிக்கொண்டது.

"யானைகளையே கேட்டுவிடலாம்" என்று மயில் காக்கையை அனுப்பியது.

காக்கை மத்தியானம் திரும்பி வந்தது. "பழையதைச் சரிசெய்ய வர மாட்டார்களாம். புதிதாக வேண்டுமானால் வருவார்களாம். ஆனால் நமக்கு முன்னால் ஆறு காடுகள் காத்திருக்கின்றனவாம். வளைவை மட்டும் போன தடவையைவிடப் பெரிதாகக் கட்டச் சொன்னார்கள்."

"மூங்கில் இருக்கிறது!" என்று மயில் மகிழ்ந்தது.

அப்போதுதான் புள்ளிமான் முன்னால் வந்தது. அதன் வயிற்றடியில் பிறந்து ஆறு நாளான குட்டி ஒட்டிக்கொண்டு நின்றது. "எனக்குப் பால் வற்றிவிட்டது. இன்றைக்குத் தண்ணீர் குடிக்காவிட்டால் குட்டி பிழைக்காது. மலையேறி ஊற்றுக்குப் போக எனக்குத் தெம்பில்லை. ஆற்றுக்குப் போனால் அங்கே முதலை இருக்கிறது. இந்தக் கால்களை வைத்துக்கொண்டு குட்டியால் ஓட முடியுமா? அக்கா, நீங்களாவது பாருங்கள்."

முள்ளம்பன்றி குட்டியைப் பார்த்தது. வாய்தான் கூர்மை, மனசு அப்படியில்லை. "சரி. ஒரு நிபந்தனை. மயில் வளைவிலிருந்து ஒரு மூங்கில் தர வேண்டும். அதை மாட்டும்போது எல்லாரும் சேர்ந்து கை வைக்க வேண்டும். அப்போது கடைசி என்று யாரும் இருக்க மாட்டார்கள்."

அருமையான யோசனை என்று எல்லாம் தலையாட்டின. மயில் அரைமனதாக ஒரு மூங்கிலை உருவவிட்டது. வளைவு லேசாகச் சாய்ந்தது. எல்லாம் மலையேறின. இற்றுப்போனதை எடுத்துவிட்டுப் புதிய மூங்கிலை வைத்தன. பன்றி ஒரு பக்கம், குரங்கு ஒரு பக்கம், நடுவில் நரி, பெயருக்கு ஓர் இறகை வைத்துக்கொண்டு மயில்.

தண்ணீர் சலசலவென்று ஓடியது! கீழே தொட்டியடியில் காத்து நின்ற மான் உடனே வாயை வைத்தது. ஒரு மடக்குக் குடித்தது.

"கையை எடுக்காதீர்கள்! கொடியால் கட்டிவிடுகிறேன்" என்றது முள்ளம்பன்றி.

அங்கேதான் குழப்பம் ஆரம்பித்தது.

"கட்டி முடித்ததும் கையை எடுக்க வேண்டுமே?" என்று யோசித்தது பன்றி. "எடுக்கும்போது யார் கடைசியில் எடுப்பது?"

எல்லாம் ஒன்றையொன்று பார்த்தன. நரி மெதுவாகக் குரங்கின் கையைப் பார்த்தது. குரங்கு பன்றியின் காலைப் பார்த்தது. பன்றிக்கு வியர்த்துவிட்டது.

"நான் முதலில் எடுத்துவிட்டேன்!" என்று கத்திக்கொண்டு பன்றி துள்ளியது.

"இல்லை, நான்தான் முதலில்!"

"நான் உனக்கும் முன்னால்!"

மூங்கில் உருண்டு, பாறையில் விழுந்து, இரண்டாகப் பிளந்தது. முள்ளம்பன்றி மட்டும் பாதி கட்டிய கொடியோடு நின்றது.

மயில் தொண்டையைக் கனைத்தது. "கடைசியாகத் தொட்டது யார்?"

எல்லாம் முள்ளம்பன்றியைக் காட்டின.

"அடப் பாவிகளா! கட்டிக்கொண்டிருந்தவள் கையை எடுப்பாளா?"

"வழக்கம் என்றால் வழக்கம்தான்" என்றது மயில். "நல்ல வளைவும் போயிற்று. இனி அதிலிருந்து யாரும் ஒரு குச்சிகூட உருவக் கூடாது!"

முள்ளம்பன்றி கொடியைக் கீழே போட்டது. மலையின் மறுபக்கம் இறங்கி வேறு காட்டுக்குப் போய்விட்டது. அது போனதில் மற்றவற்றுக்குக் கொஞ்சம் நிம்மதிகூட. யார் கெடுத்தது என்று தெரிந்துவிட்டதல்லவா? தெரிந்த பிறகும் தண்ணீர் ஏன் வரவில்லை என்பதுதான் புரியவில்லை.

குழாய் போடுவது ஒரு நாள் கொண்டாட்டம், அதைக் காப்பது ஆயுள் முழுக்க உழைப்பு. உழைக்கிறவர் மேலேயே பழி போடுகிற ஊரில் தண்ணீர் தங்காது.

பொழுது சாயத் தொடங்கியது. மான் தன் குட்டியைச் சாய்ந்த வளைவின் நிழலில் படுக்க வைத்தது. ஆற்றுப் பாதையைப் பார்த்தது. பிறகு பன்றியை, குரங்கை, நரியை, மயிலை ஒவ்வொன்றாகப் பார்த்தது. எல்லாம் கைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டு ஓரடி தள்ளி நின்றன.

"நான் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறவரைக்கும் இந்தக் குட்டியை யாராவது பார்த்துக்கொள்கிறீர்களா?"