பார்வைக் கட்டணம்

நாவல் கண்மாய்க் கரையில் வளை தோண்ட ஒரு நண்டு வந்தாள். பெயர் கண்ணாத்தாள். காலால் மண்ணைக் கிளறத் தொடங்கியதுமே மேலே இருந்து ஒரு குரல் வந்தது.

"யாரும்மா அது? உரிமம் இருக்கா?"

குரலுக்கு உரியவர் உடும்பு உடையப்பன். காட்டு மன்றத்தின் வசூல் அலுவலர். கரையோரத்து மருத மரப் பொந்துதான் அவருடைய அலுவலகம். பிடித்தால் விடமாட்டார் என்பதாலேயே அந்த வேலை அவருக்குக் கிடைத்திருந்தது.

"உரிமம்னா என்னங்க?" என்று கேட்டாள் கண்ணாத்தாள்.

"ஊருக்குப் புதுசா?"

"ஆமாங்க. நான் இருந்த குட்டையில கரை சரிஞ்சு போச்சு. போன வருசத்துப் பிள்ளைங்க அதோட போயிட்டாங்க. இந்தத் தடவை கெட்டியான இடமாப் பார்த்து வந்திருக்கேன்."

சொல்லிவிட்டு வயிற்று மடிப்பை லேசாகத் திறந்து காட்டினாள். உள்ளே கேழ்வரகு கொட்டி வைத்தது போல முட்டைகள். முதல் மழைக்குப் பொரிந்துவிடும்.

உடையப்பனுக்கும் இரக்கம் உண்டு. ஆனால் அது வசூலுக்கு அப்புறம்தான். அந்தக் காட்டில் கட்டணம் இல்லாத காரியம் குறைவு. கூடு கட்டத் தூக்கணாங்குருவிகள் கட்டணம் கட்டின. மழைக்காலத்தில் கத்துவதற்குத் தவளைகள் கூட்டாகக் கட்டின. மயில் தோகை விரிக்க மேகம் இருக்கும் நாளில் ஒரு விலை, மேகம் இல்லாத நாளில் ஒரு விலை. அவரவர் தேடிய தீனிதான் கட்டணம். அது உடையப்பன் வழியாகத் தலைவர் காட்டுப்பன்றி மாசிலாமணியிடம் போய்ச் சேரும். அதற்கப்புறம் எங்கே போகும் என்பது அவருடைய இடுப்பைப் பார்த்தாலே தெரியும்.

உடையப்பன் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு ஒப்பித்தார். "மண் கட்டணம் ஒரு நத்தை. வாசல் கட்டணம் ஒரு நத்தை. பார்வைக் கட்டணம் ஒரு நத்தை. பார்வை முடிந்த பின் தோண்டலாம்."

பல காலமாகச் சொல்லிச் சொல்லி, அவர் உதவி இல்லாமலே அந்தச் சொற்கள் வாயிலிருந்து வரப் பழகியிருந்தன.

கண்ணாத்தாளுக்குச் சந்தேகம் வந்தால் இரண்டு கண்களும் காம்போடு நிமிர்ந்து ஆளுக்கொரு திசையில் திரும்பும். இப்போது திரும்பின.

"மண் கட்டணம் எதுக்குங்க?"

"மண்ணைத் தோண்டுறதுக்கு."

"வாசல் கட்டணம்?"

"வாசல் வைக்கிறதுக்கு."

"பார்வைக் கட்டணம்?"

உடையப்பனின் நாக்கு வெளியே வந்து உள்ளே போனது. மறுபடியும் வந்து போனது. "அது அந்த ரெண்டோட சேர்த்து வாங்குறது" என்றார்.

கண்ணாத்தாள் நத்தை தேடிப் போனாள். வெயிலுக்கு நத்தைகள் எல்லாம் மண்ணுக்குள் புதைந்து கிடந்தன. பகலில் செம்போத்துப் பறவைக்குப் பயந்து கல்லடியில் ஒளிந்தாள். அந்திப் பொழுதில் தோண்டித் தேடினாள். ஒருவழியாக மூன்று நத்தைகளையும் உருட்டிக்கொண்டு வந்து சேர்த்தாள். உடையப்பன் ஒரு பூவரச இலையில் தன் காலை அழுத்திப் பதித்து நீட்டினார்.

"இந்தா, உரிமம். போய்த் தோண்டு."

கண்ணாத்தாள் நகரவில்லை. "வந்து பாருங்க" என்றாள்.

"எதை?"

"இடத்தை. பார்வை முடிஞ்ச பிறகு தோண்டலாம்னு நீங்கதானே சொன்னீங்க? இன்னும் யாரும் பார்க்கலையே."

"அதான் இலை கொடுத்துட்டேனேம்மா."

"இலையைப் பார்த்தேங்க. மூணு நத்தையில ஒண்ணு பார்வைக்குன்னு கொடுத்தது. அந்தப் பார்வை யார் கையில இருக்கு?"

உடையப்பன் பொந்துக்குள் போய்விட்டார்.

தான்தான் ஏதோ புரியாமல் கேட்கிறோமோ என்று கண்ணாத்தாளுக்குத் தோன்றியது. பக்கத்து வளைக்குப் போனாள். அங்கே பெருச்சாளி சடையாண்டி குடும்பத்தோடு இருந்தான். கரையிலேயே அதிக வாசல் வைத்த வளை அவனுடையதுதான். ஒவ்வொரு வாசலுக்கும் ஓர் இலை வாங்கி வரிசையாகச் செருகி வைத்திருந்தான்.

"அண்ணே, நீங்க தோண்டும்போது யாராவது வந்து பார்த்தாங்களா?"

சடையாண்டி மீசை துடிக்கச் சிரித்தான். "பார்க்கிறதா? வந்து பார்க்காம இருக்கத்தானே தங்கச்சி பார்வைக் கட்டணம்! வந்து பார்த்தா இத்தனை வாசல் வைக்க விடுவாங்களா?"

அந்தப் பக்கத்து எறும்புத்தின்னியும் அதையே சொன்னார். அதற்கடுத்த முள்ளம்பன்றி, "கட்டணத்தைக் கட்டினோமா, கதவைச் சாத்தினோமான்னு இருக்கணும். எதுக்குன்னு எல்லாம் கேட்டா அடுத்த தடவை கூட்டிடுவாங்க" என்று அறிவுரை சொல்லி அனுப்பினார்.

கண்ணாத்தாள் திரும்பி வந்து மருத மரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். உடையப்பன் தலையை நீட்டும்போதெல்லாம், "இப்ப வரலாங்களா?" என்று கேட்டாள். அவர் தலையை இழுத்துக்கொண்டார். கரையில் இருந்தவர்களுக்கு அது வேடிக்கையாகிவிட்டது.

"நண்டு கொழுத்தா வளையில தங்காதுன்னு சும்மாவா சொன்னாங்க?" என்றான் சடையாண்டி.

"இன்னும் வளையே இல்லையே அண்ணே. இல்லாத வளையில எங்கே தங்குறது?" என்றாள் கண்ணாத்தாள்.

வடகிழக்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. வயிற்றுக்குள் முட்டைகள் கனத்தன. அவள் யோசித்துப் பார்த்தாள். இலை கையில் இருக்கிறது. இந்த நொடியே தோண்டலாம். தடுக்க ஆள் இல்லை. பழைய குட்டையிலும் தடுக்க ஆள் இருந்ததில்லை. அந்த நினைப்பு வந்ததும் எழுந்து நேராகத் தலைவரைப் பார்க்கப் போனாள். நேராக என்றால் நண்டுக்கு எப்படியோ அப்படி.

விஷயம் தலைவர்வரை போகிறது என்று தெரிந்ததும் உடையப்பனும் பின்னாலேயே ஓடினார்.

தலைவர் மாசிலாமணி சேற்றில் படுத்திருந்தார். கண்ணாத்தாள் சொன்னதைக் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"அது எங்க அப்பா காலத்துல இருந்து வாங்குறதும்மா."

"அப்பா எதுக்கு வாங்கினாருங்க?"

"அவரு அப்பா வாங்கினாரு, அதனால."

"அவரு எதுக்கு?"

மாசிலாமணி கண்ணைத் திறந்தார். பிறகு எழுந்தே உட்கார்ந்துவிட்டார். அவர் எழுந்து உட்கார்ந்து பல காலம் ஆகியிருந்ததால் சேறு ஓசையோடு விலகியது.

"ஏன்யா உடையப்பா, எதுக்கு அதை வாங்குறோம்?"

"தலைவரே, வாங்கி உங்ககிட்டதான் கொடுக்கிறேன். எதுக்குன்னு உங்களுக்குத் தெரியும்னு நினைச்சிக்கிட்டிருந்தேன்."

"நீ கொடுத்தே, நான் தின்னேன். திங்கிறப்ப எதுக்குன்னா கேட்பாங்க?"

தூரத்தில் இடி உருண்டது. தலைவருக்கே இப்போது அந்தக் கேள்வி மனசில் முள்ளாகத் தைத்துவிட்டது. ஆனாலும் அதைக் காட்டிக்கொள்ளாமல், "ஒரு நத்தைக்கு இவ்வளவு பேச்சா? போய்ப் பார்த்துக் கொடுத்துட்டு வாய்யா" என்றார்.

"பார்க்கிறதுன்னா எப்படித் தலைவரே பார்க்கிறது?"

"கண்ணாலதான். போ."

உடையப்பன் கரை மேல் ஏறித் தலையை உயர்த்திக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். திரும்பி வந்தார்.

"நல்லாத்தான் இருக்கு. புல்லெல்லாம் கூட முளைச்சிருக்கு. முடிஞ்சுதா?"

"நான் குடியிருக்கப் போறது மேலே இல்லீங்களே" என்றாள் கண்ணாத்தாள். "உள்ளே."

உடையப்பன் பெருமூச்சு விட்டார். கண்ணாத்தாள் தேர்ந்தெடுத்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது சடையாண்டியின் வாசல்தான். தண்ணீரைப் பார்த்த வாசல். அதற்குள் தலையை விட்டார்.

"இலை இருக்குங்க! எல்லா வாசலுக்கும் இலை இருக்குங்க!" என்று சடையாண்டி ஓடி வந்தான்.

"நான்தானேடா கொடுத்தேன். சும்மா பார்க்கத்தான் போறேன்" என்று சொல்லிக்கொண்டே உடையப்பன் உள்ளே நுழைந்தார். வால் நுனியும் மறைந்தது.

கண்ணாத்தாள் வாசலில் காத்திருந்தாள். உள்ளே மண் உதிரும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. வெகு நேரமாகியும் ஆள் வரவில்லை.

"வசூல் சாப்பாடு சாப்பிட்ட உடம்பு. சிக்கியிருக்கும்" என்றான் சடையாண்டி.

அப்போது முதுகுக்குப் பின்னால் கரை மேலே சத்தம் கேட்டது. உடையப்பன் அந்தப் பக்கத்திலிருந்து கரையேறி வந்துகொண்டிருந்தார். தலையிலிருந்து வால்வரை ஈர மண். நாக்கு வெளியே வரவே இல்லை.

"நான் எந்தப் பக்கம் உள்ளே போனேன்?" என்று கேட்டார்.

"தண்ணிப் பக்கம்" என்றாள் கண்ணாத்தாள்.

"சடையாண்டி வீட்டுக்குப் பின்சுவர் இல்லை. எறும்புத்தின்னி வீட்டுல போய்ச் சேருது. அது முள்ளம்பன்றி வீட்டுல. அங்கிருந்து வெளிச்சம் தெரிஞ்சுது, வெளியே வந்துட்டேன். வந்து பார்த்தா எதிரே முயல் குட்டிங்களுக்குப் பால் கொடுத்துக்கிட்டிருக்கு. கரைக்கு அந்தப் பக்கம் நிக்கிறேன்."

கண்ணாத்தாளின் ஒரு கண் கரைக்கு அந்தப் பக்கம் திரும்பியது. அங்கே பள்ளமான நிலத்தில் முயல் வளைகளும் கௌதாரிக் கூடுகளும் மான்குட்டிகள் படுக்கும் புதர்களும் இருந்தன. காட்டில் பாதி அங்கேதான் குடியிருந்தது. இன்னொரு கண் கண்மாயை நோக்கித் திரும்பியது. தண்ணீர் இப்போதைக்கு அடியில் கிடந்தது. மழை பெய்தால் சடையாண்டியின் வாசல்வரை ஏறும்.

"நீங்க போன வழியில தண்ணியும் போகும்" என்றாள்.

"தரை இப்பவே ஈரமா இருக்கு" என்றார் உடையப்பன். அவர் குரல் அலுவலகக் குரலாக இல்லை.

சேதி மாசிலாமணிக்குப் போனது. அவர் நம்பவில்லை. தானே வந்து ஒரு வாசலில் மூக்கை வைத்து உள்ளே ஊதினார். கரைக்கு அந்தப் பக்கம் இருந்த முயல், "யார் இந்த வழியா மூச்சு விடுறது?" என்று கேட்டது. தலைவர் சட்டென மூக்கை எடுத்தார். தண்ணீரைப் பார்த்த வாசல்களை எல்லாம் மண் போட்டு அடைக்கச் சொல்லிவிட்டார்.

கரைவாசிகள் கொதித்துப் போனார்கள். சடையாண்டி தன் இலைகளை உருவி எடுத்து நீட்டினான். "கட்டணம் வாங்கினீங்களா இல்லையா? கால் பதிச்சுக் கொடுத்தீங்களா இல்லையா? இலை இருக்கிற வாசலை எப்படி அடைப்பீங்க?"

நியாயமான கேள்விதான். மாசிலாமணி உடையப்பனைப் பார்த்தார். உடையப்பன் தரையைப் பார்த்தார்.

கண்ணாத்தாள்தான் பதில் சொன்னாள். "அப்ப ஒண்ணு செய்யலாம் அண்ணே. அந்த இலையை வாசல்ல ஒட்டி வையுங்க. தண்ணி வந்து அதைப் படிச்சுப் பார்த்துட்டுத் திரும்பிப் போகுதான்னு பார்ப்போம்."

முதல் துளி சடையாண்டியின் மூக்கிலேயே விழுந்தது. அவன் இலைகளைப் பார்த்தான். வளைக்குள் இருந்த தன் பிள்ளைகளைப் பார்த்தான். பிறகு இலைகளைக் கீழே போட்டுவிட்டு முதல் மண்ணை அவனே தள்ளினான்.

மழை பிடித்துக்கொண்டது. மாசிலாமணி மூக்கால் மண்ணை வாரி வாரிக் கொண்டுவந்தார். இத்தனை காலம் தின்ற பார்வைக் கட்டணம் எல்லாம் அன்று வேலையாக வெளியே வந்தது. எறும்புத்தின்னி வாலால் அடித்து இறுக்கினார். உடையப்பன் உள்ளே போய்ப் போய் எங்கே வெளிச்சம் தெரிகிறது என்று கத்தினார். கண்ணாத்தாள் சின்னச் சந்துகளில் சேற்றைத் திணித்தாள். முயல்கள் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்தன.

தண்ணீர் ஏறியது. அடைத்த வாசல்களைத் தொட்டது. அதற்கு மேலும் ஏறியது. ஓரிடத்தில் மட்டும் கசிந்தது. மாசிலாமணி அங்கே போய்ச் சாய்ந்து உட்கார்ந்தார். கரை நின்றது.

மழை சற்று ஓய்ந்ததும் கண்ணாத்தாள் உடையப்பனிடம் போனாள். வயிற்று மடிப்புக்குள் குஞ்சுகள் நெளிய ஆரம்பித்துவிட்டன.

"என் இடத்தைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்" என்றார் உடையப்பன். தயங்கினார். "அங்கே தோண்ட முடியாதும்மா. உனக்குன்னு இல்லை, இனி யாருக்குமே கரையில புது வளை கிடையாது. இலையைத் திருப்பிக் கொடுத்திடு. உன் நத்தையைத் திருப்பித் தரலாம்னுதான் கேட்டேன், தலைவர் தின்னுட்டாராம்."

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்து அவர் ஓரடி பின்வாங்கினார். அவளோ இரண்டு கண்களையும் ஒருசேர அவர் பக்கம் திருப்பினாள்.

"நத்தையை எதுக்குங்க திருப்பணும்? வேண்டாம்னு பார்த்துச் சொன்னீங்களே, அதுக்குத்தானே கொடுத்தேன். பழைய குட்டையில இதைச் சொல்ல ஆள் இல்லை."

உடையப்பன் அவளைக் கண்மாய்க் கோடியில் இருந்த நாவல் மரத்துக்குக் கூட்டிப்போனார். மேடான இடம். வேருக்கு அடியில் மண் கெட்டியாக இருந்தது. கேட்காமலே உள்ளே தலையை விட்டுப் பார்த்தார். சுற்றி வந்து பின்பக்கமும் பார்த்தார். வாலால் தட்டினார். பிறகுதான் இலையில் காலைப் பதித்தார். அன்று மாலைக்குள் கண்ணாத்தாளின் பிள்ளைகள் அந்த வேரடியில் பக்கவாட்டில் ஓடக் கற்றுக்கொண்டன.

நாவல் கண்மாயில் அதற்கப்புறமும் கட்டணம் குறையவில்லை. ஒவ்வொன்றுக்கும் பழையபடி ஒரு நத்தைதான். வசூல் அலுவலர் வளைக்கு வளை வந்து தலையை நீட்டுவது பெரும் தொந்தரவாக இருக்கிறது என்று சடையாண்டி மட்டும் இன்றுவரை குறைப்பட்டுக்கொள்கிறான். ஆனால் அவன் பிள்ளைகள் நனையாமல் தூங்குகின்றன.

கட்டணம் கட்டியதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடாமல், அது எதற்கு என்று கேட்டு அந்தக் காரியத்தையும் கேட்டு வாங்குபவரே தம்மையும் ஊரையும் காப்பார்.